தலைமைப் பயிற்சியாளரைத் திடலில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்: காரைக்குடிக் கால்பந்து நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். காரைக்குடியை இருப்பிடமாக வைத்துத் தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றைக் கட்டுவது என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவை மனதார வரவேற்கிறோம். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் பயிற்சி கொடுப்பவர்கள், விசில் ஊதுபவர்கள், ஆட்டக்காரர்களின் காலுக்குக் கட்டுப் போடுபவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன, பத்துப் பேரை ஓட்டல் அறைக்கு அழைத்து ஒரே நாளில் நேர்காணல் நடத்தி மாலைக்குள் பெயரை அறிவிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்படுகிறோம். அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறோம். பேச்சைக் கேட்டும் கோப்பையை எண்ணியும் ஆளெடுத்தால் நன்றாகப் பேசுகிறவரோ, நல்ல அணி வாய்த்தவரோ கிடைப்பார். வேலை தெரிந்தவர் வேண்டுமென்றால் வேலை செய்யச் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.

கோப்பையிலிருந்தே தொடங்குகிறோம், குழுவில் அதிகம் பேசப்படுவது அதுதான் என்பதால். பயிற்சியாளர் ஜான் கிரகோரி 2017-18இல் 'சென்னையின் எஃப்சி' கழகத்துக்கு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பெங்களூருக்கே போய் பெங்களூரு அணியை 3-2 என்று வென்ற இறுதி ஆட்டம் அது. அடுத்த பருவத்தில் அதே கோச், அதே கழகம்: 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம். இன்னொரு பயிற்சியாளர் காலித் ஜமீல் 2016-17இல் மிசோரமின் ஐசால் அணியை 37 புள்ளியோடு ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் சாம்பியன் ஆக்கினார். மோகன் பகான் 36 புள்ளியில் நின்றது. 2020-21இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டைப் பாதிப் பருவத்தில் ஏற்று மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனார். மறு பருவம் அதே அணி அவர் கையிலேயே பதினோரு அணிகளில் பத்தாவதாக முடித்தது. 2025இல் அவர்தான் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இவர்களில் யாருக்கும் ஒரு வருஷத்தில் மூளை வளர்ந்து மறு வருஷத்தில் தேய்ந்துவிடவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல நூற்றுக்கு 40, சமன் செய்ய 30, தோற்க 30 வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஆட்டத்துக்கு 1.5 புள்ளி, பத்து ஆட்டத்தில் 15 வர வேண்டும். ஆனால் வெறும் அதிர்ஷ்டமே அதை 4 புள்ளி மேலே தூக்கும், 4 புள்ளி கீழே இறக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அந்த எல்லையையும் தாண்டும். 11 எடுத்தால் கோச்சைத் துரத்துவோம், 19 எடுத்தால் மாலை போடுவோம். அணி என்னவோ ஒன்றுதான். ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை, மூன்று கோல் விழுகிற விளையாட்டில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து போதும், முடிவு புரண்டுவிடும்.

இன்னொன்று, கழகம் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளமும் பட்டியலில் அது நிற்கும் இடமும் பல நாட்டு லீக்குகளில் நெருங்கியே போகும். ஆகவே ஒரு விண்ணப்பதாரரின் ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: சம்பளத்தில் அவர் கழகம் எத்தனையாவது, முடிவில் எத்தனையாவது. சம்பளத்தில் எட்டாவதாக இருந்த அணியை நான்காவதாக முடித்தவர், முதலாவதாக இருந்த அணியை இரண்டாவதாக முடித்தவரைவிட நமக்கு உதவுவார். நம் நாட்டில் கழகங்கள் சம்பளத் தொகையை வெளியிடுவதில்லை என்பது உண்மை. இருந்தாலும் அந்த அணியில் எத்தனை வெளிநாட்டவர் இருந்தார்கள், அவர்கள் அதற்கு முன் எந்த லீக்கில் ஆடினார்கள், தேசிய அணிக்காரர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் தோராயமான வரிசை கிடைக்கும். நாலு டீம் மேனேஜர்களிடம் விசாரித்தால் அது இன்னும் தெளியும்.

இதெல்லாம் செய்யும் முன் ஒரு காகிதம் வேண்டும். 'இந்த வேலை என்ன' என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் குழுவில் இருக்கும் ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு ஒதுக்கிய பணம், வெளிநாட்டவர் எண்ணிக்கை, தமிழ்நாட்டுப் பையன்கள் எண்ணிக்கை, எத்தனை வருஷத்தில் லீக்கின் எந்த அடுக்குக்கு ஏற வேண்டும், ஆட்டக்காரர்களை எடுப்பதில் கடைசி வார்த்தை யாருடையது. எல்லாம் எண்ணாகவும் பெயராகவும் இருக்கட்டும், ஆசையாக வேண்டாம். 'முதல் வருஷமே மேலே ஏற வேண்டும்' என்று ஒரு வரியும் 'உள்ளூர் இளைஞர்களை வளர்க்க வேண்டும்' என்று அடுத்த வரியும் எழுதுவது சுலபம். ஆட்டம் 1-1, எண்பதாவது நிமிடம், பெஞ்சில் 19 வயதுக் கல்லல் பையனும் 33 வயது அனுபவசாலியும் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது எந்த வரி முந்தும் என்பதை இப்போதே எழுதிவிட்டால், பிறகு கோச்சைக் குறை சொல்ல நியாயம் இருக்கும். இந்தக் காகிதம் இல்லாமல் எடுத்த கோச்சை முதல் நான்கு தோல்விக்குள் நீக்கும் கழகங்களை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். 2015இல் சென்னையின் எஃப்சி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்து, கோச் மார்கோ மாதராஸியை மாற்றாமலே அந்தப் பருவக் கோப்பையை வென்றதையும் பார்த்தோம்.

சான்றிதழ் சரிபார்ப்பைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2025 ஜூலையில் இந்திய அணிக்குக் கோச் தேடியபோது அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்புக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. உலகப் புகழ் பெற்ற பயிற்சியாளர்களான சாவி, பெப் கார்டியோலா பெயர்களிலும் மின்னஞ்சல் வந்திருந்தது. சாவி விண்ணப்பித்தார் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. பிறகு அவை போலி என்று கூட்டமைப்பே சொல்ல வேண்டியதாயிற்று. நமக்கு சாவி பெயரில் யாரும் அனுப்பப்போவதில்லை. ஆனால் காலாவதியான உரிமத்தோடு வருவார்கள், 'உதவிப் பயிற்சியாளர்' என்பதைத் 'தலைமை' என்று மாற்றிக்கொண்டு வருவார்கள், மூன்று மாதம் வேலை பார்த்த கழகத்தை '2021-22' என்று ஒரு பருவமாக எழுதிக்கொண்டு வருவார்கள். ஆசியக் கூட்டமைப்பின் உரிமம் சி, பி, ஏ, ப்ரோ என்று ஏறும். அதற்குக் கீழே நம் கூட்டமைப்பின் இ, டி. ஐஎஸ்எல் தலைமைப் பயிற்சியாளருக்கு ப்ரோ கேட்கிறார்கள். நாம் ஆடப்போகும் அடுக்குக்கு இந்த ஆண்டின் கிளப் லைசென்சிங் (கழகத்துக்கு ஆட அனுமதி தரும்) விதி என்ன கேட்கிறதோ அதை அப்படியே பின்பற்றுங்கள். உரிம எண்ணை வாங்கி, கொடுத்த சங்கத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்; விண்ணப்பதாரர் அனுப்பும் ஸ்கேன் காப்பி போதாது. உரிமம் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் கையில் என்ற ஏற்பாட்டுக்கு யாராவது ஆலோசனை சொன்னால் அவரைக் குழுவிலிருந்தே விலக்கிவிடுங்கள்.

எண்களில் நாங்கள் பார்ப்பவை மூன்று. 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு அவர் கொடுத்த நிமிடங்கள் ஒன்று. 'இளைஞர்களை நம்புகிறேன்' என்று சொல்லாத கோச் கிடையாது, நிமிடக் கணக்கு வாயை மூடிவிடும். இரண்டாவது, கார்னர், ஃப்ரீ கிக் போன்ற நின்ற பந்துகளில் போட்டதும் வாங்கியதும். கோல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ இவற்றிலிருந்துதான் விழுகின்றன. பணமில்லாத அணி வாரத்துக்கு முக்கால் மணி நேரப் பயிற்சியில் மேம்படுத்திக்கொள்ளக்கூடிய இடமும் இதுதான். மூன்றாவது, காயம். 24 ஆட்டக்காரர், மாதத்தில் 24 பயிற்சி-ஆட்ட நாள் என்றால் 576 ஆள்-நாள். காயத்தால் 60 போனால் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். அது எங்கும் நடப்பது. 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் துரதிர்ஷ்டம் என்று சொல்வதை ஏற்காதீர்கள். பயிற்சிச் சுமையை எப்படி ஏற்றினார் என்று வாரவாரியாகக் கேளுங்கள்.

இந்தச் சல்லடையில் நான்கு பேர் தேறினால் போதும். அவர்களை ஓட்டலுக்கு அழைக்காமல் திடலுக்கு அழையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் 75 நிமிடப் பயிற்சி. 20 ஆட்டக்காரர், 2 கோல்கீப்பர், 12 பந்து, மூன்று நிறத்தில் பிப் (அணி பிரிக்கப் போடும் மேலாடை), 40 கோன், நகர்த்தக்கூடிய கோல் இரண்டு. எல்லோருக்கும் ஒரே தலைப்பு, முந்தின நாள் மாலை ஆறு மணிக்குத்தான் சொல்ல வேண்டும். 'பந்தை இழந்த ஐந்து நொடிக்குள் திரும்பப் பிடிப்பது' என்பது நல்ல தலைப்பு, ஒளிந்துகொள்ள இடம் தராது. முன்பே தெரிந்தால் இணையத்தில் கிடைக்கும் அழகான வரைபடத்தோடு வந்துவிடுவார்கள்.

பார்ப்பவர் மூன்று பேர் வேண்டும், மூவருக்கும் தனித்தனி வேலை. ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பந்து உருளும் நேரத்தை மட்டும் கூட்டுவார். 75இல் 45 நிமிடமாவது உருள வேண்டும். 30க்குக் கீழே போனால் அவர் பேச்சாளர், கோச் அல்ல. இரண்டாமவர் ஒரே ஓர் ஆட்டக்காரரை, அதுவும் இருப்பவர்களில் சுமாரானவரை, கண் எடுக்காமல் பார்த்து அவர் பந்தைத் தொட்ட தடவையை எண்ணுவார். நட்சத்திர ஆட்டக்காரரை எல்லாக் கோச்சும் கவனிப்பார்கள். சுமாரான வலது பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) வரிசையில் நின்றே பொழுதைக் கழித்தாரா என்பதில்தான் வித்தியாசம் தெரியும். மூன்றாமவர் கோச் சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுவார்: எத்தனை கட்டளை, எத்தனை கேள்வி, எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

எந்த அளவுக் கட்டத்தில் ஆட விடுகிறார் என்று டேப் பிடித்து அளந்தே பாருங்கள், இதில்தான் படிப்பு வெளிப்படும். 30க்கு 20 மீட்டரில் நாலுக்கு நாலு ஆடினால் தலைக்கு 75 சதுர மீட்டர். 60க்கு 45இல் எட்டுக்கு எட்டு ஆடினால் தலைக்கு 169. முழுத் திடல் 105க்கு 68. இருபத்திரண்டு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 325. பந்தைத் திரும்பப் பிடிக்கும் தலைப்புக்குச் சின்னக் கட்டத்தில் ஆரம்பிப்பது சரிதான், இழப்பும் பிடிப்பும் அடிக்கடி நடக்கும். ஆனால் அங்கேயே முடித்தால் அரைகுறை. நெருக்கமான கட்டத்தில் நிற்பதும் திரும்புவதும்தான் அதிகம், நீண்ட ஓட்டம் கிடையாது. வாரம் முழுக்க அதிலேயே ஆடிய காலின் பின்தொடைத் தசை முழுவேகத்துக்குப் பழகாது. ஞாயிற்றுக்கிழமை எதிரணி முன்களத்துக்காரரைத் துரத்தி 40 மீட்டர் ஓடும்போது பிடித்துக்கொள்ளும், மூன்று வாரம் போய்விடும். கட்டத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கிக் கடைசி இருபது நிமிடத்தைப் பெரிய இடத்தில் ஆடவிட்டவருக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் போடுவோம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் பெயர் எடுத்த கோச்சுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சின்னத் திடல் பழகிய கண்ணுக்குப் பெரிய திடலின் இடைவெளி பிடிபடாது.

இருபதாவது நிமிடத்தில், சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு பேரை ஃபிசியோ வெளியே கூப்பிடட்டும். பத்துக்குப் பத்தாகப் பிரித்திருந்த கணக்கு உடையும். ஒருவர் ஒரு நொடி யோசித்து, மிச்சமிருப்பவர்களில் இரண்டு பேருக்கு வேறு நிறப் பிப் கொடுத்து, பந்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர்கள் ஆடட்டும் என்று பயிற்சியைத் தொடர்வார். இன்னொருவர் உதவியாளரைத் திட்டுவார். இரண்டும் ஆட்ட நாளில் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஆட்டத்தை நிறுத்தித் திருத்துவதைக் கவனியுங்கள். பந்து போய்விட்டது, வலது பேக் உள்ளே வராமல் கோட்டோரம் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கோச் விசில் ஊதி எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிறுத்துவார். அந்தப் பையனை மட்டும் கேட்பார்: "உனக்கும் சென்டர் பேக்குக்கும் நடுவே எத்தனை மீட்டர் இருக்கு?" அவனே திரும்பிப் பார்த்து "பதினைஞ்சு சார்" என்பான். "எத்தனை இருக்கணும்?" "எட்டு." எட்டில் போய் நிற்கச் சொல்லி, பந்து போன இடத்திலிருந்தே மறுபடி ஆடவிடுவார். இருபது நொடியில் முடிந்துவிடும். சுமாரான கோச் இருபத்திரண்டு பேரையும் வட்டமாகக் கூட்டி நாலு நிமிடம் பேசுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள், அந்த வலது பேக் அடுத்த தடவையும் கோட்டோரம்தான் நிற்பான். தமிழ் தெரியாதவராக இருந்தாலும் பாதகமில்லை. கோன்களை நகர்த்திக் காட்டியும், தோளைப் பிடித்து நிறுத்தியும் புரியவைக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். கூட வரும் உதவியாளராவது தமிழில் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் வெயில் தனிப் பரீட்சை. பயிற்சி நேரத்தை அவரையே சொல்லவிடுங்கள். மே மாதம் நாலு மணிக்கு என்பவரிடம் காரணம் கேளுங்கள். காலை ஆறு, இல்லையென்றால் மாலை ஐந்தரைக்கு மேல் என்பவர் ஊரை விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்க் கணக்கில் 32 டிகிரி வந்தால் பாதிக்கு ஒன்றாகத் தண்ணீர் இடைவேளை விடலாம் என்பது ஃபிஃபா வழிமுறை. இந்த எண்ணை அறியாத கோச்சும் நம் நாட்டில் வேலை பார்க்கிறார்கள். அதேபோல, முதல் பந்தை உருட்டும் முன் திடலைச் சுற்றி நடந்து, இறுகிய செம்மண்ணைக் காலால் தட்டிப் பார்த்து, 'பூட்ஸில் திருகி மாட்டும் ஸ்க்ரூ ஸ்டட் வேண்டாம், அடியோடு சேர்த்து வார்த்த மோல்டட் போடுங்கள்' என்று சொல்பவர் ஆட்டக்காரரின் கணுக்காலைப் பற்றி யோசிக்கிறார்.

திடலுக்கு அடுத்தது வீடியோ. எல்லோருக்கும் ஒரே ஆட்டத்தின் முழு 90 நிமிடப் பதிவைக் கொடுங்கள். சுருக்கமான ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் கோல் மட்டும்தான் தெரியும், கோலுக்கு முன் யார் எங்கே நின்றார் என்பது தெரியாது. 48 மணி நேரம் தந்து, ஆறு துண்டுகள், மூன்று பிரச்சினைகள், அடுத்த வாரம் அதற்கு என்ன பயிற்சி என்று இருபது நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள். பிரச்சினையைச் சொல்லப் பலருக்கும் தெரியும். பிரச்சினையிலிருந்து செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் போகும் பாலத்தில்தான் ஆட்கள் கழன்றுகொள்வார்கள்.

கூடவே ஒரு தாள்: 'புதன் இரவு ஐசாலில் ஆட்டம், ஞாயிறு மாலை இங்கே ஆட்டம், இடைப்பட்ட நாட்களை எழுதுங்கள்.' நமக்குப் பக்கத்து விமான நிலையம் என்றால் மதுரையோ திருச்சியோதான், இரண்டும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஐசாலின் லெங்புயி விமான நிலையத்தில் ஏறி, கொல்கத்தா, சென்னை என்று மாறி, இறங்கி, பஸ் பிடித்து ஊர் வந்து சேர வியாழன் முழுக்கப் போய்விடும். வந்து இறங்கியதும் பயிற்சி என்று எழுதியவரும், வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கடும் பயிற்சி என்று எழுதியவரும் பயணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. புதன்கிழமை முழு ஆட்டம் ஆடியவர்களுக்கு வெள்ளி ஓய்வும் நீச்சலும், ஆடாத பத்துப் பேருக்கு அதே நாளில் முக்கால் மணி நேரம் சரியான ஓட்டமும், சனிக்கிழமை குறைந்த நேரத்தில் நின்ற பந்துகளும் என்று பிரித்து எழுதியவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆடாத பத்துப் பேரை மறந்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிழை. மூன்று வாரம் கழித்து அவர்களில் ஒருவரை இறக்கும்போது அறுபதாவது நிமிடத்தில் தசை பிடித்து உட்காருவார்.

நேர்காணல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு நூற்றுக்குப் பத்து மதிப்பெண் போதும். திடலுக்கு 35, வீடியோவுக்கும் தாளுக்கும் 20, விசாரிப்புக்கு 20, பழைய எண்களுக்கு 15 என்று நாங்கள் பிரிப்போம். எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை. பேசி முடித்ததும் ஒருவரோடொருவர் கலக்காமல் தனித்தனியே மதிப்பெண் எழுதி உறையில் போட்டுவிட்டு அப்புறம் விவாதியுங்கள். தலைவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற நான்கு பேரின் மதிப்பெண்ணும் அவர் பக்கம் சாய்ந்துவிடும், இது எந்தக் குழுவிலும் நடப்பது. 'உங்கள் தத்துவம் என்ன' என்று கேட்காதீர்கள். தாக்குதல் ஆட்டம், எதிரணியின் பாதியிலேயே நெருக்கும் பிரஸ்ஸிங், பந்தைத் தன் வசம் வைத்திருப்பது என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். 'மூன்று கோல் வாங்கித் தோற்ற ஆட்டம் ஒன்றைச் சொல்லுங்கள், இடைவேளையில் என்ன மாற்றினீர்கள், யாரை எந்த நிமிடத்தில் இறக்கினீர்கள்' என்று கேளுங்கள். மாற்றிய நிமிடம் ஆட்டப் பதிவில் இருக்கும், மறுநாளே சரிபார்க்கலாம். நினைவு பிசகுவது குற்றமில்லை. தோல்விக்குப் பழி முழுக்க நடுவர் மேலும் கோல்கீப்பர் மேலும் விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய அணிக்கு ஆடியவர்தான் வேண்டும் என்ற பேச்சும் காதில் விழுகிறது. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். 1962 ஜகார்த்தாவில் தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்களத்தில் இறக்கினார். தென் கொரியாவை 2-1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார். கையிலிருக்கும் ஆட்களைப் புதுக் கண்ணோடு பார்க்கத் தெரிவது ஆட்டக்காரராகப் பெற்ற பெயரோடு வருவதல்ல. விண்ணப்பத்தில் 'ஆடிய அனுபவம்' என்ற கட்டத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

விசாரிப்பில் அவர் கொடுக்கும் மூன்று பெயர்களை ஓரமாக வையுங்கள். புகழ்வதற்கென்றே இருப்பவர்கள் அவர்கள். அவரிடம் பெஞ்சில் உட்கார்ந்த ஆட்டக்காரர் ஒருவர், ஃபிசியோ, கிட் மேன் (உடை, பூட்ஸ் பார்த்துக்கொள்பவர்), டீம் மேனேஜர், அந்தக் கழகத்தின் கணக்கர் ஆகிய ஐந்து பேரிடம் பேசுங்கள். ஃபிசியோவிடம், காயத்திலிருந்து திரும்பிய எத்தனை பேர் இரண்டு வாரத்துக்குள் மறுபடி படுத்தார்கள், 'ஆடலாம்' என்று கடைசியாகச் சொன்னது யார் என்று கேளுங்கள். கிட் மேனிடம், தோற்ற மறுநாள் காலை எப்படி வந்தார் என்று கேளுங்கள். கணக்கரிடம், அவர் கேட்டு வாங்கிய ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் ஒரே ஏஜென்ட்டின் ஆட்கள் என்று கேளுங்கள். கோச்சைக் கூட்டிவரும் ஏஜென்ட் பின்னாலேயே நாலு ஆட்டக்காரரையும் இழுத்துவந்து, கோச் போன பிறகும் அவர்கள் சம்பளம் கழகத்தின் தலையில் நிற்பது இந்தத் தொழிலின் பழைய நோய். ஏஜென்ட் யார், அவர் வேறு யாருக்கெல்லாம் ஏஜென்ட் என்று எழுத்தில் வாங்காமல் யாரையும் இறுதிப் பட்டியலுக்கு அனுப்பாதீர்கள். சிறுவர், சிறுமியர் அணிகளோடு வேலை செய்த இடங்களில் நடத்தை பற்றிப் புகார் வந்ததா என்றும் எழுதிக் கேட்க வேண்டும். 2022இல் இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஐரோப்பா போனபோது உதவிப் பயிற்சியாளர் ஒருவர் தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டார். நம் கழகத்திலும் இளைஞர் அணி இருக்கப்போகிறது.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் நம் ஊர்க் கடைகள் ஆள் அனுப்பிய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகப் பழகி, கணக்கு எழுதிக் காட்டியவர்தான் மேலாளாகப் போனார். மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு. தவணை முடிந்தால் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார். கோச் ஒப்பந்தத்திலும் அந்த ஒப்படைப்பு இருக்க வேண்டும். தினசரிப் பயிற்சிக் குறிப்பு, ஆட்டக்காரர்களின் சுமைக் கணக்கு, ஓட்டத்தை அளக்கும் ஜிபிஎஸ் தரவு, வீடியோத் துண்டுகள் எல்லாம் கழகத்தின் சொத்து என்று எழுதுங்கள். ஐந்து உதவியாளரையும் தானே கொண்டுவருவேன் என்பவரிடம் இரண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். கோல்கீப்பர் பயிற்சியாளரும் ஃபிசியோவும் கழகத்தின் ஆட்களாகவே இருக்கட்டும். கோச் கிளம்பும் நாளில் அறை காலியாகிவிடக் கூடாது.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு மூன்று கவனம். வெளிநாட்டவர் என்றால் 2021 ஜனவரி முதல் ஃபிஃபா விதிகளில் பயிற்சியாளர் ஒப்பந்தத்துக்கென்றே தனி இணைப்பு இருக்கிறது. விசா கிடைத்தால்தான் செல்லும், இன்ன உரிமம் இருந்தால்தான் செல்லும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போட முடியாது. அதையெல்லாம் கையெழுத்துக்கு முன் சரிபார்ப்பது கழகத்தின் பொறுப்பு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து அவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். கட்டாவிட்டால் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். ஆகவே கையில் இருக்கும் பணத்துக்குத் தக்க சம்பளம் பேசுங்கள். ஸ்பான்சர் வருவார் என்ற நம்பிக்கையில் பேசாதீர்கள். நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம் என்பதையும் இப்போதே, இரு பக்கமும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, எண்ணாக எழுதிவிடுங்கள்.

காலக்கணக்கு சொல்கிறோம். சரிபார்ப்புக்கும் எண்களுக்கும் இரண்டு வாரம், திடலுக்கும் வீடியோவுக்கும் ஒரு வாரம், விசாரிப்புக்கு ஒரு வாரம், ஒப்பந்தப் பேச்சுக்கு இரண்டு வாரம், மொத்தம் ஆறு. முதல் ஆட்டத்துக்கு முன் அணியைத் தயார் செய்ய அவருக்கு இன்னொரு ஆறு வாரமாவது வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல் பாதி நாள் கிடைக்காது என்பதையும் சேர்த்துப் பின்னிருந்து எண்ணினால், சரிபார்ப்பைத் தொடங்கும் தேதியைத் தள்ளிப்போட இடமில்லை. நேர்காணல் தேதியைத் தள்ளிப்போட இடமிருக்கிறது. தேர்வாகாத மூன்று பேருக்கும் திடலில் எழுதிய குறிப்பின் நகலை அனுப்பிவையுங்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்களில் ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கலாம்.

திடல் தேர்வுக்கு வேண்டிய இருபத்திரண்டு ஆட்டக்காரர்களையும் கோன், பிப், டேப்பையும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். ஸ்டாப்வாட்சோடு மூன்று பேரையும் அனுப்புகிறோம். சம்பளம் வேண்டாம், ஓட்டும் வேண்டாம். எழுதிய தாள்களை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எந்தத் திடல், எந்தக் காலை என்று மட்டும் நான்கு நாள் முன்னதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுப் பகுதிக் கால்பந்துப் பயிற்சியாளர்கள், நடுவர்கள், ஃபிசியோக்கள் சிலர்